இடைப்பாட்டு பாடாதவன்

கேபிங்கின் குரலைப் பெரிதாகப் புகழ முடியாது. மேல் சுரங்களில் அது மெலியும். ஆனாலும் தைவானின் தாய்நான் நகரில், கோயிலை ஒட்டி நான்குவான் என்னும் பழைய இசையைப் பாடும் சங்கத்தில் காத்திருக்கும் பெண்ணின் பாட்டை அவன் எடுத்தால், தேநீர் ஊற்றுகிறவர்கூடக் கெண்டியைக் கீழே வைத்துவிடுவார். அந்தச் சங்கீதத்தில் பாட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். போனவனை நினைத்து ஒருத்தி உருகுவாள். அதை ஆண் பாடினாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பால்மீன் கஞ்சிக்கடை வைத்திருந்த கேபிங் இந்த வசதிக்குள்ளேயே வாழ்ந்துவிட்டான். இரவல் சொற்களில் உண்மையைச் சொல்லிப் பழகியவனுக்குச் சொந்தச் சொல் வராமல் போனதில் வியப்பில்லை.

அவன் நினைத்து உருகியது சியூகியை. சியூகி சங்கத்தின் நெட்டுக்குழல்காரன். இளவயதில் இருவரும் கடை மாடியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சாதகம் செய்வார்கள். பிறகு மாமா கூப்பிட்டார் என்று சியூகி மணிலாவுக்கு இரும்புக்கடை பார்க்கப் போனான். அங்கேயே கல்யாணம், ஒரு மகள், பின்பு மனைவியின் மறைவு. அவன் கிளம்பிய அன்று போகாதே என்று கேபிங் சொல்லவில்லை. எந்த உரிமையில் சொல்வது?

இந்த இலையுதிர்கால வழிபாட்டுக்கு மணிலா சங்கத்தோடு சியூகி வந்திருந்தான். மறுநாள் விமானம்.

பிப்பா என்னும் நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்து முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்த பிக்ஹுன் அக்கா கேபிங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

“புதுச்சட்டை போல. மீன் நாத்தத்தையும் காணோம்.”

“சும்மா இருங்கக்கா.”

“ரெண்டு ஆம்பளைங்க கட்டிக்கலாம்னு சட்டமே வந்தாச்சு. உனக்குத்தான் இன்னும் வாய் வரல.”

விருந்தாளி என்பதால் குழல் சியூகியின் கைக்குப் போனது. தாளக்கட்டையுடன் கேபிங் நடுவில் அமர்ந்தான். அன்று காலையிலிருந்து எல்லாரும் ஒரே பண்ணில் பாடிவந்தார்கள். வேறு பண்ணுக்குப் போவதென்றால் முதலில் இடைப்பாட்டு பாட வேண்டும். அது ஒரு பண்ணில் தொடங்கி இன்னொன்றில் போய் முடியும் நீளமான பாட்டு. யாருக்கும் அதில் ஆசை இருப்பதில்லை. ஆனால் அதை விட்டுத் தாண்டுவதைக் கற்றுக்குட்டிகூடச் செய்யமாட்டான்.

மாடியில் பாடிய பாட்டு வேறு பண். ஆளுக்கு ஒரு பாட்டுதான் முறை; இடைப்பாட்டைப் பாடினால் அதோடு அவன் முறை முடிந்துவிடும். அடுத்தவர் எழுந்து தயாராக நின்றார்.

கேபிங் மாடிப் பாட்டின் பெயரைச் சொன்னான்.

பிக்ஹுன் அக்காவின் விரல் நரம்பின் மேல் நின்றுவிட்டது. பிப்பா தொடங்க வேண்டும், குழல் பின்னால் வர வேண்டும்; அதுதான் முறை. யாரோ கனைத்தார்கள். சங்கத் தலைவர் சுவரைப் பார்த்தார். கேபிங்கின் காது சிவந்தது.

அப்போது குழல் முதலில் வந்தது.

மறுநாள் விடிந்ததும் சியூகி பெட்டியோடு கடைக்கு வந்து உட்கார்ந்தான். கேபிங் கஞ்சியை வைத்தான்.

“மானத்தை வாங்கிட்டடா. தலைவர் என்கிட்ட முகம் கொடுத்தே பேசல.”

“நீ மட்டும் என்னவாம், பிப்பாவுக்கு முன்னாடி ஊதின?”

“அக்கா நின்னுட்டாங்க. நீ தனியா முழிச்சிட்டிருந்த.”

கேபிங் துணியால் அதே மேசையை இரண்டாம் முறை துடைத்தான்.

“போகாதடா.”

சியூகி கரண்டியைக் கிண்ணத்தில் விட்டான்.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா பெட்டியைப் பிரிச்சிருப்பேன். இப்ப கடையைக் கைமாத்தணும். பொண்ணுகிட்ட உக்காந்து சொல்லணும். ஒரே தாவா தாவிர முடியாது.”

“வருவியா?”

“வசந்த வழிபாட்டுக்கு வரேன். அதுக்குள்ள அந்த இடைப்பாட்டைப் பாடம் பண்ணு. இன்னொரு தடவை உன்னோட சேர்ந்து திட்டு வாங்க மாட்டேன்.”

வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. கஞ்சி பாதி மீந்திருந்தது.

கேபிங் பலகையில் பால்மீனைக் கிடத்தி முள் எடுக்க உட்கார்ந்தான். மெல்லிய முள், எடுக்க எடுக்கத் தீராது. இடைப்பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினான். பண் மாறும் இடத்தில் வழி தவறியது. மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.