கார் நின்றதற்குக் காரணம் நானில்லை

போன வாரம் தில்லி ஆஷ்ரம் சிக்னலில் என் கார் மறுபடியும் நின்றுபோனது. சிவப்பு விளக்குக்காக நான் நிறுத்தினேன் – அது சரி. பச்சை விழுவதற்குள் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி, தானாகவே அணைந்துவிட்டது. பின்னால் ஒரு பஸ். அதன் கண்டக்டர் இறங்கி வந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, தன் டிரைவரிடம் கத்திச் சொன்னார்: "லேடீஸ் ஹை." ஓட்டுவது பெண்ணாம்.

அவ்வளவுதான். காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இனி எஞ்சினைப் பார்ப்பானேன்?

பக்கத்து சீட்டில் என் கணவர். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. விழித்திரை விலகி ஆபரேஷன் ஆன கண், செக்கப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். அதுவரை லைசென்ஸ் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை டிரைவர். கார் வழியில் நிற்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். அப்புறம் கேட்கவா வேண்டும்?

"கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இரேன்," என்றார் மெதுவாக.

"நின்னுக்கிட்டு இருக்கிற காருக்கு எதுக்கு மிதிக்கணும்?"

அவர் பார்வை க்ளட்ச் பக்கம் இருந்த என் காலுக்கு இறங்கியது. அதிலேயே தெரிந்தது... கண்டக்டரின் கட்சிக்கு இன்னொரு ஓட்டு.

சாயங்காலம் ஃபரீதாபாத்திலிருந்து அவர் தம்பி சந்திரன் போன் செய்தார். "மதினி, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? இந்த டிராஃபிக்ல நீங்க ஓட்ட வேண்டாம். நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்கு, வண்டிய வித்துத் தள்ளிருவோம். டாக்ஸிக்குச் சொன்னா வாசல்ல வந்து நிக்கப் போவுது."

நல்ல மனிதர். அன்பாகத்தான் சொன்னார். திட்டுகிறவரை எதிர்த்துவிடலாம். அன்பாகச் சொல்பவரிடம் மாட்டேன் என்பதற்குத்தான் தனித் தெம்பு வேண்டியிருக்கிறது.

"வண்டி ரிப்பேர்னா வண்டியப் பாக்கணும். ஓட்டுறவள எதுக்கு மாத்தணும்?" என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓக்லாவில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏற்கெனவே போன இடம்தான். முதல் தடவை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த தடவை ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்துச் சொல்லும் சின்னப் பொருள் அது. எதை மாற்றியும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அங்கே சர்வீஸ் அட்வைசர் கார்த்திக். அப்பா விழுப்புரம், அம்மா கும்பகோணம், தமிழ் மட்டும் தில்லி; கார் அவருக்குக் காடி.

"ஆன்ட்டி, காடி ஃபர்ஸ்ட் க்ளாஸ் இருக்கு. நீங்க க்ளட்ச் மேலேயே கால் வெக்கிறீங்க, அதான் பந்த் ஆகுது. நான் அங்கிள்கிட்ட அன்னிக்கே போன்ல சொல்லிட்டேனே."

காரைக் கொண்டு வந்தது நான். நடு ரோட்டில் நின்றது நான். ரிப்போர்ட் போனது அங்கிளுக்கு.

"ஃபர்ஸ்ட் க்ளாஸ்னா மஞ்ச லைட் ஏன் எரியுது?"

"அது சென்சார் ஆன்ட்டி. மிக்ஸ்ச்சர் லீன்னு காட்டுது. புதுசு போட்டும் அதே சொல்லுது. இப்போ எஞ்சின் கம்ப்யூட்டரை மாத்திப் பாக்கலாம்."

லீன் என்றால் ஒன்றுமில்லை – காற்றும் பெட்ரோலும் கலக்கிற விகிதத்தில் காற்று அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிடிக்காத எண் வந்ததும் கருவியைத் திட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

"பழைய சென்சாரும் லீன்னுச்சு, புது சென்சாரும் லீன்னு சொல்லுது. அப்ப ரெண்டும் உண்மையைத்தான் சொல்லுதுன்னு யாருக்குமே தோணலையா, கார்த்திக்? எனக்கு எஞ்சின் ஓடறப்போ வர்ற ரீடிங்கைப் பாக்கணும்."

"அது டெக்னிக்கல் ஆன்ட்டி. நீங்க ஏசி-ல உக்காருங்க, டீ அனுப்பறேன்."

"டெக்னிக்கல்ங்கிறதாலதான் பாக்கணுங்கிறேன்."

"கஸ்டமருக்கு உள்ள அலவ்ட் இல்லே..."

"அப்ப காரும் உள்ள வராது. சாவி என்கிட்ட இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், வாசலில் குறுக்கே நின்ற காரைப் பார்த்தார், அதற்குப் பின்னால் சேர ஆரம்பித்திருந்த மற்ற கார்களைப் பார்த்தார். "அச்சா... ஆயியே," என்று வழிவிட்டார்.

உள்ளே பல்தேவ் என்ற மெக்கானிக் ஸ்கேனரை இணைத்தார். கையகலத் திரையில் எண்கள் ஓடின. டிரைவர் சீட்டில் பல்தேவ்தான் உட்கார்ந்திருந்தார். கியர் நியூட்ரலில். அவர் இரண்டு கால்களும் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. க்ளட்ச் மேல் யார் காலும் இல்லை. எஞ்சின் அதே குலுங்கு குலுங்கியது.

"இப்ப யார் ஓட்டறாங்க கார்த்திக்?" என்று கேட்டேன். அவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டார்.

திரையில் இரண்டு எண்களைத்தான் நான் பார்த்தேன். ஒன்று, ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ். ஏறி ஏறி இறங்க வேண்டியது, அடிமட்டத்திலேயே கிடந்தது. அதாவது, புகையில் மிச்ச ஆக்ஸிஜன் ஜாஸ்தி. இன்னொன்று, அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது என்ற கணக்கு. அது இருபத்தைந்தைத் தொட்டு, இதற்குமேல் முடியாது என்று முட்டிக்கொண்டு நின்றது.

பல்தேவிடம் ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் வேகம் ஏற ஏற, இருபத்தைந்து இறங்கிக்கொண்டே வந்து ஒற்றை இலக்கத்துக்குப் போனது. குலுங்கல் போயிற்று. காலை எடுத்தார். மறுபடியும் இருபத்தைந்து.

பெட்ரோல் பம்ப்பிலோ ஃபில்டரிலோ கோளாறு என்றால், வேகம் கூடும்போதுதானே தட்டுப்பாடு கூட வேண்டும்? இங்கே தலைகீழ். பெட்ரோல் குறையவில்லை. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. வீட்டு ரசத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் தவறி விழுந்தால் ரசம் போச்சு. கல்யாண வீட்டு அண்டாவில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குடிக்கிற காற்று கொஞ்சம், அதனால் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரிகிறது. வேகத்தில் அது கரைந்துவிடுகிறது.

ஹிந்தியில் இதைச் சொன்னதும் பல்தேவ் தலையாட்டினார். இறங்கி வந்து, ஓடும் எஞ்சினில் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிக்கொண்டே போனார். நான் திரையில் கண் வைத்திருந்தேன். ஒரு குழாய், இரண்டாவது குழாய், மாற்றமில்லை. நான் தப்பாக இருந்தால்? இந்த ஊரில் இன்னொரு பெண் ஸ்டியரிங்கைத் தொடும்போது என் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எஞ்சினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயை அவர் விரல்கள் பிடித்தன. குலுங்கல் சட்டென்று அடங்கியது. வோல்டேஜ் எழுந்து குதித்தது. இருபத்தைந்து சரிய ஆரம்பித்தது.

"மில் கயா," என்றார் பல்தேவ். கிடைத்துவிட்டது.

கழற்றிக் காட்டினார். விரல் பருமன் ரப்பர் குழாய், அடிப்பக்கம் நெடுக வெடித்திருந்தது. தில்லி வெயில் வெடிக்க வைத்தது. யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எந்த ரப்பரும் வெடிப்பதில்லை.

கார்த்திக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸாரி ஆன்ட்டி. ஜல்தி புதுசு போட்டுக் குடுக்கறேன்."

"போடுங்க. அதுக்கு முன்னால அங்கிளுக்கு ஒரு போன் போடுங்க."

"இப்பவா?"

"அன்னிக்குச் சொன்ன மாதிரியே இதையும் சொல்லுங்க."

போட்டார். என் எதிரில் நின்றுகொண்டே சொன்னார்: "அங்கிள், காடியிலேதான் கராபி, குழாய் வெடிச்சிருக்கு. ஆன்ட்டி ஓட்டறது டீக்தான். நான் தப்பா சொல்லிட்டேன்." பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நானும் க்ளட்சுன்னுதான் நெனச்சேன்," என்றார் இவர்.

"தெரியும்."

"சாப்பிட்டியா?"

எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்பது இப்படித்தான். வாங்கிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஆண் ஓட்டும்போது கார் நின்றால் காரணம் பேட்டரி, ரோடு, பெட்ரோலில் கலப்படம், சர்க்கார்... பெரிய பட்டியல் இருக்கிறது. பெண் ஓட்டும்போது நின்றால் ஒரே காரணம், அதுவும் பானெட்டைத் திறக்காமலே. நாம் பொறுமையாக விளக்கினால் ஏசி ரூமும் டீயும் கிடைக்கும். நகர மாட்டேன் என்றால்தான் பானெட் திறக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை மறுபடி செக்கப். கார் எங்கேயும் நிற்கவில்லை. டாக்டர்தான் நிறுத்திப் பேசினார். அந்தக் கண்ணில் பார்வை இவ்வளவுதான் திரும்பும். இனி இவர் ஓட்டுவதற்கில்லை.

திரும்பும் வழியில், வீடு நெருங்கும்போது கேட்டார்: "சந்திரன் சொன்ன பார்ட்டி இன்னும் இருக்காரா?"

"இருந்தா வேற வண்டி பாத்துக்கட்டும்."

அவர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. இதை எழுதிக்கொள்ள அனுமதியும் தந்தார்.

வீட்டு வாசலில் இறங்குமுன் டிரைவர் சீட்டின் அடியில் கைவிட்டு, என் கால்களுக்கு எட்டும்படி நன்றாக முன்னால் இழுத்து வைத்தேன். இத்தனை வருஷமும் இவர் உயரத்துக்கு இருந்த சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தே ஓட்டியிருக்கிறேன். இனி சாய்ந்து உட்காரப் போகிறேன்.