கட்டிலுக்கடியில் ஈரப் புடவை

நான் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு போட்ட பிறகு, துணி துவைக்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். மருமகளுக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் வேலை. துறைத் தேர்வு எழுதித் தேறினால்தான் அவளுக்கு அடுத்த பதவி. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபின் கிடைப்பதுதான் படிக்கிற நேரம்.

வீட்டில் மெஷின் இருக்கிறது. ஆனால் என் நூல் புடவைகள் சாயம் விடும். கையால் தனியாக அலச வேண்டும். முதல் நாள் மகன் என் புடவையை மாடியில் உதறிக் காயப்போட்டதைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, மாசா மாசம் கிரிவலம் போனதுக்கு நல்ல பலன்தான். புள்ள கையால புடவ தோச்சிப் போட வெச்சிட்டீங்களே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கூசிப்போனது. யாருக்கும் பதில் சொல்லத் தெரியாத வாய் எனக்கு.

மறுநாளிலிருந்து குளித்ததும் புடவையைச் சுருட்டி, பக்கெட்டில் போட்டு, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

"யம்மா, புடவ எங்க?" என்று மகன் கேட்பான்.

"இன்னிக்கி ஒண்ணும் இல்லப்பா" என்பேன்.

கட்டுப் பிரித்ததும் நானே துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஈரத்துணி அதுவரை சும்மா இருக்குமா? வாடை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மருமகள் குனிந்து பார்த்தாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

"வெச்சிடும்மா" என்றேன், அவள் காதில் விழாத அளவுக்கு.

அவள் துணியைக் கும்முகிற சத்தம் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்னும் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. மகன் துவைத்தால் கூசுகிற உடம்பு, நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்தவள் துவைத்தால் கூசவில்லையே.

அதன்பின் தினமும் அவளே வந்து பக்கெட்டை எடுத்தாள். புத்தகம் மின்விசிறிக் காற்றில் தானாகப் புரண்டுகொண்டிருக்கும். தேர்வு நெருங்கிய ஒரு நாள் மகன் சீக்கிரம் வந்து பார்த்துவிட்டான்.

"நீ எதுக்கு இதெல்லாம் செய்யற? படிக்கல?"

"அத்த உங்ககிட்ட குடுக்கக் கூச்சப்படறாங்க. விடுங்க, கொஞ்ச நேர வேலதானே."

"கொஞ்ச நேரமா? நேத்து புஸ்தகத்து மேலயே தூங்கிட்ட."

உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் புடவையை இடது கையில் பிடித்துக்கொண்டு மகனிடம் போனேன்.

"சாயம் விடும்பா. தனியா அலசு."

"தெரியும்மா. என் வெள்ள சட்ட ஊதாவானத மறப்பனா?"

அவன் அலசி முடித்ததும் பின்னாலேயே மாடிப்படி ஏறினேன். பக்கத்து வீட்டு அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் புள்ளதானா?"

"ஆமா" என்றேன். புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தேர்வு எழுதிவிட்டு வந்த அன்றும் மருமகள் பழக்கத்தில் கட்டிலுக்கடியில் குனிந்தாள். அங்கே பக்கெட் இல்லை.

"எப்படிம்மா எழுதுன?"

"ஒரு பேப்பர் சுமாருதாங்கத்த."

ஏன் என்று எனக்குத் தெரியும்.