பொன்னம்மாளின் கார்டு

தில்லிக்கு வந்த அன்றே வடிவுக்குப் புருஷன் பரமசிவம் பாடம் எடுத்தான்.

"யாரு கேட்டாலும் உம் பேரு பொன்னம்மா. ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கு."

பொன்னம்மாள் அவனுடைய முதல் சம்சாரம். ஊருக்குப் போய்விட்டாளாம். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு வடிவுக்கு அறைதான் கிடைத்தது. குடிசைக்கு அந்தக் கார்டுதான் அத்தாட்சி; அதில் பேரை மாற்றப்போனால் குடிசையே போய்விடும் என்று சாக்கடையோரத்து மதராசிகள் எல்லாரும் பயந்து கிடந்த காலம் அது. மண்ணெண்ணெய் வரிசையில் வடிவு பொன்னம்மாளாகவே நின்றாள்.

ஒருநாள் அடித்த அடியில் அவளுடைய வலது கை ஒடிந்தது. பொறுத்தது போதும் என்று போலீஸ் சௌக்கிக்குக் கிளம்பிவிட்டாள். ஹிந்தி பேசப் பக்கத்துக் குடிசை மாசிலாமணியைக் கூட்டிப்போனாள். நல்ல மனுஷர்தான், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி.

ஏட்டு கார்டைப் பார்த்தார். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிச் சிரித்தார். மாசிலாமணி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"மூணு வருஷம் முன்னாடியும் புருஷன் அடிச்சான்னு வந்தியாம். மறுநாள் நீயே வந்து, குழாயடியில விழுந்துட்டேன்னு ரேகை வச்சியாம். இப்ப மறுபடியும் எதுக்கு வந்தேங்கறாரு."

மூன்று வருஷத்துக்கு முன் வடிவு ரயிலையே பார்த்ததில்லை.

"அண்ணே, அது நான் இல்லேன்னு சொல்லுங்க. அந்தப் பொன்னம்மா எங்கேன்னு தேடச் சொல்லுங்க!"

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா. கள்ளக் கார்டுன்னு மொத்தப் பேரையும் கிளப்பிடுவான். என் வீட்டுக் கார்டும் இப்படித்தான்."

"வடிவு! வடிவு!" என்று அவளே நெஞ்சில் தட்டிக்கொண்டு கத்தினாள். ஏட்டு கார்டை விரலால் தட்டிக் காட்டினார். "பொன்னம்மா," என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. ரிஜிஸ்டரில் ஏதோ எழுதி, அவளுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினார்.

"என்னண்ணே எழுதினாரு?"

"பொன்னம்மா நேர்ல வந்து, புகார் ஒண்ணும் இல்லேன்னு சொன்னதா."

படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொன்னம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று சர்க்காருக்கு அவளே சாட்சி சொல்லிவிட்டாள். இனி அந்தப் பாவிப் பெண்ணை யாரும் தேடமாட்டார்கள். நாளைக்கு வடிவு காணாமல் போனாலோ, அப்படி ஒருத்தி தில்லிக்கு வந்ததாகவே எங்கும் எழுத்தில்லை.

வாசலில் பரமசிவம் நின்றிருந்தான். ஒடிந்த கையை அவன் பார்க்கவேயில்லை.

"கார்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்டான்.