பத்திரிகையில் சிவப்பு மை

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தனியாக இருக்கும் குரோம்பேட்டை வீட்டில் காலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை நான். ஞாயிறு என்றால் எனக்கு விடைத்தாள்தான். அழைப்பு மணி அடித்தது. பழைய மாணவி ஒருத்தி பெரும்பாக்கத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தாள்.

வாங்கிய கையோடு படித்தேன். ‘சுற்றமும் நட்பும் சூள’ என்று அச்சடித்திருந்தார்கள். சுள்ளென்று கோபம் வந்தது. கையிலிருந்த சிவப்புப் பேனா அதுபாட்டுக்கு ‘ள’வைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் ‘கவனம்’ என்றும் எழுதிவிட்டது. இது விடைத்தாள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க மாறவே இல்ல மிஸ்! கண்டிப்பா எல்லாரும் வந்துடணும், சரியா?”

“வராம இருப்பனா?” என்றேன்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு டம்ளர்களையும் கழுவி வைத்துவிட்டு வந்து பத்திரிகையின் உறையைத் திருப்பினேன். ‘தமிழ் மிஸ், குடும்பத்துடன்’ என்று அவளே கைப்பட எழுதியிருந்தாள். பேனாவைத் திறந்து அந்தக் கடைசிச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். வட்டம் போட அதில் ஒரு பிழையும் இல்லை.