புளி போட்டு மினுக்கிய கியர் பொக்ஸ்

நான் நாற்பது வயதுக்குப் பிறகு கார் ஓடப் பழகியவள். அதுவும் கியர் தானாக மாறும் ஓட்டோ கார் மட்டும்தான். என் லைசன்ஸும் அதற்கு மட்டும்தான். மெனுவல் கார் பழக்குகிறேன் என்று என் கணவர் ஒருமுறை பக்கத்தில் ஏறியிருந்தார். கிளச்சையும் அவரையும் ஒரே நேரத்தில் சமாளிக்க என்னால் முடியவில்லை.

போன வருடம் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் வைத்து எங்கள் காரின் கியர் பொக்ஸ் கைவிட்டது. எஞ்சின் இரைந்தது, கார் அசையவில்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் திருத்துபவர். இரும்பென்றால் பயமில்லாத மனிதர், இதற்கு மட்டும் கையை விரித்தார்.

"ஓட்டோ பொக்ஸ் திறந்தா மூடேலாது. மெனுவல் ஒண்டு போடுவம். மாசக் கடைசி ஞாயிறு, பழைய சாமான் விக்கிற ஆள் கொண்டுவரும்."

"அப்ப நான் எப்பிடி ஓடுறது?"

"நான் கொண்டுபோய் விடுறன்தானே."

அவர் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் அழகை நான் நன்றாக அனுபவித்திருக்கிறேன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் எனக்கு வேலை. வேலை முடிந்து கேற்றடியில் நின்று, "இந்தா வந்திட்டன்" என்று அவர் குளியலறையிலிருந்து ஃபோனில் சொல்லும் பொய்யை நம்பிய மாலைகள் எத்தனையோ. கார் வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் ஓரிடத்தில் நிறுத்தி, பால் விடாத ஒரு பிளேன்ரீ குடிக்கலாம் என்பதே எனக்குத் தெரிந்தது. அதை விட்டுக்கொடுப்பதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கள் கழட்டி மட்டும் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றேன்.

சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார். பொக்ஸ் வீட்டு ஹோலுக்குள் வந்தது. கதிரைகள் முற்றத்துக்குப் போயின. ஏதோ ஒரு நாட்டுத் தாடிக்காரர் ஃபோன் வீடியோவில் செய்து காட்டக் காட்ட, நான் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினேன். உள்ளே முழுக்கத் தட்டுகள், அதாவது நடுவில் ஓட்டையுள்ள வளையங்கள். கறுப்புப் பூச்சுள்ளது ஒன்று, வெறும் உருக்கு ஒன்று என்று மாறி மாறி இருக்கும். எண்ணெய் அவற்றை ஒன்றோடொன்று நெருக்கினால் கார் நகரும். எங்களுடையவற்றில் கறுப்புப் பூச்சு தேய்ந்துபோயிருந்தது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் புதுக் கறுப்புத் தட்டுகள் வந்தன. மாட்டுமுன் அவற்றை எண்ணெயில் ஊறவைக்க வேண்டுமாம். உளுந்து ஊறவைக்கிற சட்டியில் சிவப்புக் கியர் எண்ணெயை ஊற்றிப் போட்டுவிட்டேன்.

வேலையால் வந்த கணவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "எப்ப தோசை?" என்றார். அதன் பிறகு அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் எதிரே குந்திவிட்டார்.

எல்லாம் ஒழுங்காகப் போனது, வெள்ளிக்கிழமை வரை.

எங்களோடு இருப்பவர் கணவரின் அக்கா, என் மச்சாள். வெள்ளியென்றால் வீடு கழுவி, குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்காமல் அவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். நான் வேலையால் வந்து பார்த்தபோது ஹோல் பளிச்சென்று இருந்தது. உருக்குத் தட்டுகளும் பளிச்சென்று இருந்தன. அத்தனையையும் புளி போட்டு மினுக்கி, வெயிலில் காயவைத்து, அளவு பார்த்துக் கோபுரமாக அடுக்கியிருந்தார்.

"கறுப்பாக் கிடந்துது. பாக்க ஏலாமல் கிடந்துது," என்றார் மச்சாள்.

கறுப்புப் பூச்சில் தண்ணீர் பட்டால் எல்லாம் நாசம். ஓடிப்போய்ச் சட்டியைத் திறந்தேன். மச்சாள் அதைத் தொடவில்லை. ஏதோ கறி என்று நினைத்து மூடி போட்டிருந்தார். எனக்கு வந்த சிரிப்பில் தரையில் இருந்துவிட்டேன். கணவர் தலையில் கைவைத்தபடி சிரித்தார். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினோம். அடுக்கு ஆடியது. ஒரு தட்டு குறைந்தது. கட்டிலடி, குசினி, கோழிக்கூடு என்று தேடினோம். கடைசியில் சாமியறையில் இருந்தது. அடி உருண்ட பித்தளைச் செம்புக்கு மச்சாள் அதைத் தாங்கியாக வைத்து, மேலே மாவிலையும் தேங்காயும் வைத்திருந்தார்.

"மச்சாள், அது கியர் பொக்ஸின்ர."

"இருக்கட்டும். செம்பு ஆடாமல் நிக்குது."

"அது இல்லாட்டி நான் கார் ஓடேலாது மச்சாள்."

மச்சாள் என்னைப் பார்த்தார். பிறகு சாமியைப் பார்த்தார். "பின்னேரப் பூசை முடியட்டும்," என்றார். முடித்துவிட்டுத் தானே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார், ஒரு விபூதிக் கீற்றோடு. அதையும் துடைத்துவிட்டுப் போட்டோம்.

தட்டுகள் நெருங்குகின்றனவா என்று காற்றடித்துப் பார்க்க வேண்டும். கணவர் சைக்கிள் பம்பின் குழாயை எண்ணெய் போகும் ஓட்டையில் அழுத்திப் பிடித்தார், நான் அடித்தேன். உள்ளே 'டக்' என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இன்னொரு தரம் அடித்தேன், 'டக்'. இவ்வளவு சந்தோசத்தை நான் கலியாணத்தன்றும் காணவில்லை; அதை அவரிடமே சொன்னேன். "ஓம், எனக்கும்தான்," என்றார். மச்சாள் வந்து, தானும் ஒருக்கா அடிக்க வேண்டும் என்றார்.

துறைமுக நண்பர்கள் வந்து இரவோடிரவாகப் பொக்ஸைத் தூக்கி மாட்டிக் கொடுத்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு காலை நான் ஏறி எஞ்சினைப் போட்டு, கியரை D-யில் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கார் மெல்ல, தானாக, முன்னே நகர்ந்தது. கேற்றடி வரைக்கும்தான் என்று பேச்சு. கேற் வந்தது, போனது. சாரத்தைப் பிடித்துக்கொண்டு கணவர் பின்னால் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு நிறுத்த மனமில்லை.

உப்புவெளிக் கடைவாசலில் பிளேன்ரீயோடு நின்றபோது ஃபோன் அடித்தது.

"எங்க நிக்கிறீர்?"

"உப்புவெளியில."

அவர் குரலைத் தாழ்த்தி, "மெனுவல் பொக்ஸ் கொண்டு ஆள் வந்து வாசல்ல நிக்குதப்பா. என்ன சொல்ல?" என்றார்.

"கார் வீட்டில இல்லையெண்டு சொல்லுங்கோ."

அவர் சிரித்தது கேட்டது. பிறகு வாசலில் நின்றவரிடம் அதை அப்படியே சொன்னதும் கேட்டது.