சந்தனம் வைக்காத கம்ப்யூட்டர்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. கண்ணாடிக் கதவில் தாள் ஒட்டி எழுதியே வைத்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் முப்பது பேர் வெந்துகொண்டிருந்த அந்த இடத்தில், ஏ.சி. போட்ட ஒரே அறை அதுதான். மேனேஜருக்கே மின்விசிறிதான். மாலை ஐந்தரைக்குக் கம்ப்யூட்டருக்கு நீல உறை மாட்டி, உறைக்கு மேல் ஒரு துண்டும் போர்த்துவார்கள். பெற்ற பிள்ளைக்கு அப்படிப் போர்த்தியிருப்பார்களா என்று தெரியவில்லை. இத்தனைக்கும் அதில் நடந்த வேலை நாளைக்கு நாலு கடிதம் அடிப்பது. மிச்ச நேரம் ஆபீஸ் ஆட்கள் அதில் மாறி மாறிச் சீட்டு விளையாடினார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். டி.வி. மாதிரி ஒரு பெட்டி, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், இந்த மூன்றும் இருந்தால்தான் கம்ப்யூட்டர் என்று படித்தவர்களே நம்பினார்கள். நானும் அதைப் படித்தவன்தான். திருவள்ளூரில் ஒரு துணிக்கடை மாடியில் ஆறு மாதம். ஒரு கம்ப்யூட்டருக்கு எட்டுப் பேர். என் முறை வரும்போது மவுஸைப் பிடித்து ஒரு சூரியனும் இரண்டு மலையும் வரைந்தேன். அதற்குத் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதை ஃபிரேம் போட்டு மாட்டச் சொன்னார் என் அப்பா. மாட்டவில்லை, அந்த அளவுக்காவது எனக்கு வெட்கம் இருந்தது.

பிறகு மேனேஜர் லேப்டாப் வாங்கினார். மடியில் வைத்துக்கொள்வது என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, காரில் சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் பையோடு மடியிலேயே வைத்திருந்தார். அந்தப் பையை அவர் திறந்து நான் பார்த்தது ஒரே முறை. அதிலிருந்து எலுமிச்சை சாத டப்பாவை எடுத்தார்.

நான் வேலை செய்தது சி.என்.சி. லேத்தில். பைக் பாகங்களைத் தானே கடையும் இயந்திரம். அதன் பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் சில பச்சை சர்க்யூட் பலகைகள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனைக் கணக்குப் போட்டு உளியை நகர்த்துவது அந்தப் பலகைகள்தான். எண்ணெய்ப் புகையிலும் வெக்கையிலும் இரண்டு ஷிஃப்ட் ஓடும். எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த ஒரே கம்ப்யூட்டர் அது. அதை யாரும் கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதில் சீட்டு விளையாட முடியாது.

அந்தப் பலகைகளுக்கு ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் அவற்றின் ஞாபகத்தைக் காப்பாற்றுவது அதுதான். பேட்டரி தீர்ந்து, கரண்டும் நின்றுபோனால், உளி எங்கிருந்து கிளம்ப வேண்டும், எவ்வளவு வேகம், எல்லாம் மறந்துவிடும். ஒருநாள் திரையின் ஓரத்தில் பேட்டரி எச்சரிக்கை மின்ன ஆரம்பித்தது. மேனேஜரிடம் சொன்னேன்.

"கடிகாரத்துக்குப் போடுறதுதானே. பாக்கலாம் போ" என்றார்.

பத்து நாள் கழித்து மறுபடி சொன்னேன். கம்ப்யூட்டர் செலவுக்குத்தான் இந்த மாதம் அனுமதி இருக்கிறது, இது மெஷின் கணக்கில் வருகிறது, அடுத்த மாதம் எழுதிக் கொடு என்றார். அந்த வாரம் கண்ணாடி அறைக்குப் புது உறை வந்தது, நீலம் போய் மெரூன். மூன்றாம் முறை சொல்ல நான் என்ன ஏலம் விடுகிறவனா? வாயை மூடிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரையைப் பார்த்துப் பார்த்து, அதிலிருந்த எண்களையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். எட்டு நாள் ஆயிற்று. முதல் பக்கத்தில் தேதி போட்டேன், பள்ளிக்கூடப் பழக்கம். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் பள்ளிப்பட்டுக்காரர். நாற்பது வயதுக்கு மேல். ஆறு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். ஆயுத பூஜை முடிந்ததும் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், முதல் பெயர் அவருடையது என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும். அது கிடைத்தால் மனைவியையும் இரண்டு பெண்களையும் ஊரிலிருந்து அழைத்துவந்து இங்கே குடிவைக்கலாம் என்று ஆரம்பாக்கம் பக்கம் ஒரு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். அந்த வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பூஜை அன்று திருவள்ளூரிலிருந்து ஒரு கோயில் பட்டர் வந்தார். மேனேஜர் அவரை நேராகக் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

"இதுல எந்தப் பெட்டிக்கு சார் சந்தனம் வெக்கணும்?" என்று பட்டர் கேட்டார். நியாயமான கேள்வி.

மேனேஜர் மானிட்டரைக் காட்டினார். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நிஜமான கம்ப்யூட்டரான சி.பி.யு. பெட்டி மேசைக்குக் கீழே கிடந்தது. டைப் அடிப்பவர் அதன் மேல் காலை வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு ஒரு பொட்டுகூட இல்லை. லேப்டாப் பைக்கு ஜிப்பின் மேலேயே குங்குமம் வைத்தார்கள். என் லேத்துக்கு முன்கதவில் போகிற போக்கில் ஒரு தீற்றல். பிறகு வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்கள்.

நாலு நாள் விடுமுறை. கிளம்பும்போது மேனேஜர் எலக்ட்ரீஷியனிடம், "மெயினை எறக்கிட்டுப் போ, வீணா கரண்ட் ஓடும்" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். மேனேஜரின் கார் போன பிறகு எலக்ட்ரீஷியன் என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, மெயினை எறக்கச் சொல்லிக்கினு போறாரு. உன் மெஷினுக்கு ஒண்ணும் ஆவாதே?"

அவர் கேட்டார். கேட்கவில்லை என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

"அவரே சொல்லிட்டாரு இல்லண்ணா. எறக்கு" என்றேன்.

பொன்னேரியில் வீட்டுக்கு ரயிலில் போகும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கம்பெனி திறந்த பிறகு அந்த மேனேஜர் முகம் எப்படிப் போகும், சந்தனம் வைத்த டி.வி. பெட்டியிடம் போய் முட்டிக்கொள்ளட்டும், அப்புறம் நான் நோட்டை எடுப்பேன். நாலு நாளும் பொரியைக் கொறித்துக்கொண்டு இதையே நினைத்தேன். எலக்ட்ரீஷியன் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.

திறந்த அன்று மெயினை ஏற்றினார்கள். லேத் திரையில் எச்சரிக்கை வரிகள் மட்டும் வந்தன. உளி நகரவில்லை. மேனேஜர் வந்தார், பார்த்தார். முகம் நான் நினைத்தபடியேதான் போனது. அதற்கு அடுத்து அவர் கேட்டதைத்தான் நான் நினைத்திருக்கவில்லை.

"மெயினை எவன் எறக்கினது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

"லைட்டு ஃபேனைத்தான் சொன்னேன். உனக்கு அறிவு வேணாமா?"

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மேனேஜர் என் பக்கம் திரும்பி, "இத சரி பண்ண முடியுமாப்பா?" என்றார். என்னை அவர் 'ப்பா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திறந்த வாயால், "எங்கிட்ட எல்லாம் எழுதி இருக்கு சார்" என்றேன். சொல்ல வேண்டிய மற்றதைச் சொல்லவில்லை.

புது பேட்டரி அன்று மதியமே வந்தது. சென்னையிலிருந்து ஆளே கொண்டுவந்து கொடுத்தான். மறுநாள் சாயங்காலம் லேத் ஓடியது. முதலாளி வந்து முதுகில் தட்டினார். அந்த வாரக் கடைசியில் நிரந்தரமானவர்கள் பட்டியல் வந்தது. முதல் பெயர் மாறியிருந்தது, எலக்ட்ரீஷியன் பெயரே அதில் இல்லை.

எலக்ட்ரீஷியன் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிய அன்று லேத்துக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இயந்திரத்தின் மேலிருந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். தேதியைப் பார்த்தார்.

"போன மாசமே எழுதிட்டியா நைனா" என்றார்.

"ஆமாண்ணா."

நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆரம்பாக்கத்து வீட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கம்ப்யூட்டர் தெரியாத மடையர்கள் என்று ஒரு கம்பெனியையே இளக்காரம் செய்துகொண்டிருந்தேன். அங்கே எல்லாம் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தே ஒரு மனிதனின் சோற்றில் மண் போட்டவனும் நான்தான். மேனேஜர் வெறும் முட்டாள். நான் அயோக்கியன்.

அடுத்த மாதம் என்னைக் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஆக்கினார்கள். முதல் நாள் சீக்கிரமே போய்விட்டேன். கண்ணாடி அறையில் யாரும் இல்லை, மானிட்டரில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. செருப்போடு உள்ளே போயிருந்தாலும் கேட்க ஆள் கிடையாது. கழற்றிவிட்டுத்தான் போனேன்.