ஒரு நாளைக்கு ஒரு பண்ணை

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாமா என்று நான் அலைபாய்ந்துகொண்டிருந்த சமயம். நாமக்கல் வழியாகப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர். மடியில் தொழில் தொடங்குவது பற்றிய தடித்த புத்தகம். ஒரு பக்கம் படிப்பார், ஜன்னலைப் பார்ப்பார், மறுபடி அதே பக்கம். கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

கோழிப்பண்ணைக்குத் தண்ணீர் அளக்கும் கருவி செய்கிறாராம்.

"வாங்கறவங்களை நேர்ல பாத்துப் பேசுன்னு இதுல போட்டிருக்குதுங்க. போனேன். ரெண்டாவது பண்ணையில, இப்பத்தான் பக்கத்துப் பண்ணையில பேசிட்டு வாரேன்னு பெருமையாச் சொன்னேன். கேட்டைச் சாத்திட்டாங்க."

"ஏனுங்க?"

"ஒரு பண்ணையில மிதிச்ச காலோட அன்னைக்கே இன்னொண்ணுக்குள்ள விடமாட்டாங்க. கோழிக்குச் சீக்கு வந்துருமில்லீங்க. அதை எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கான்?"

"அப்பப் புஸ்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றேன். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"ஒரு நாளைக்கு ஒருத்தர்கிட்டத்தான் பேச முடியுதுங்க. மிச்ச நேரம் ஊட்டுல சும்மா உக்காந்தா, இருந்த வேலையை ஏன் விட்டோம்னு நெனப்பு வந்துருது. அதுக்குத்தானுங்க இது."

நாமக்கல்லில் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் போன பிறகுதான் கவனித்தேன், என் கால் ஆடிக்கொண்டிருந்தது.